அக்கோருப் பெட்டியிடம் படித்த நிங்கராஜ்

நிங்கராஜ் என்ற பெயர் முதன்முதலாக என் காதில் விழுந்தபோது அந்தப் பெயருக்கு இன்னும் ஆள் இல்லை. தொட்டிலில் ஒரு சிவப்புக் குஞ்சு கிடந்தது, அவ்வளவுதான். குழந்தையின் அப்பா பீரப்பா என் சின்னம்மா மகன். கூடப் பிறந்த பெண் அவனுக்கு இல்லாததால் அத்தை முறைக்கு என்னை உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் அத்தைதான் குழந்தையின் காதில் பெயரை ஓத வேண்டும். ஓதி முடித்த கையோடு சுற்றி நிற்கிற பெண்கள் அவள் முதுகில் ஆளுக்கொரு குத்து வைப்பார்கள். பெரியவர்கள் நட்சத்திரம் பார்த்து வேறு ஏதோ பெயர் சொல்லியிருந்தார்கள். நான் குனிகிற நேரத்தில் குழந்தையின் அக்கா நிம்பெவ்வா, அப்போது எட்டு வயசுக்காரி, என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தே, நிங்கராஜ்னு சொல்லு. வயித்துல இருக்கும்போதே நான் அப்படித்தான் கூப்பிட்டேன். வேற பேரு சொன்னா அவன் திரும்ப மாட்டான்."

அவள் சொன்னதையே நானும் சொல்லிவிட்டேன். அன்று முதுகில் விழுந்த குத்துகள் வழக்கத்தைவிடக் கனமாகத்தான் விழுந்தன.

அவன் நடை பழகுவதற்குள் அவனுடைய அம்மா கரும்புக்குள் பாம்பு கடித்துப் போய்விட்டாள். பீரப்பா இருந்தான், ஆனால் இருந்தும் இல்லாத மாதிரி. நிம்பெவ்வாதான் தம்பியை இடுப்பில் கட்டிக்கொண்டு கரும்பு நுனிக் கொழுந்தாடை பொறுக்கினாள், ரொட்டி தட்டினாள், தண்ணீர் சுமந்தாள். அவளை எங்கள் கேங்கிலேயே கரும்பு வெட்டுகிற ஈரப்பாவுக்குக் கட்டிக் கொடுத்தபோது தம்பியும் கூடவே வந்தான். "எல்லாருக்கும் பொண்டாட்டியோட பீரோ வரும், கட்டில் வரும். எனக்கு மூக்கு ஒழுகிக்கிட்டு ஒரு மச்சினன் வந்தான்" என்று ஈரப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் சாப்பிடும்போது முதல் ரொட்டியை அந்த மச்சினனுக்குத்தான் பிய்த்துப் போடுவான்.

எங்கள் ஊர் இண்டிப் பக்கத்து வறண்ட நிலம். தசரா முடிந்ததும் பானை சட்டி, ஆடு, பிள்ளை குட்டி எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணையாற்றுக் கரைக்குப் போவோம். சர்க்கரை ஆலை மூடும் வரை காய்ந்த கரும்புச் சோகைக் குடிசையில்தான் குடித்தனம். பிள்ளைகளுக்கு அங்கே ஒரு மாஸ்தர் வந்து பாடம் சொல்ல வேண்டும் என்று அரசாங்கத்தில் ஏற்பாடு இருந்தது. ஒரு மாஸ்தர் வந்தார். பைக்கில் வருவார், பெயர் கூப்பிடுவார், மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவார், போவார். அப்புறம் பஜ்ஜிக்குக்கூட வரவில்லை. அதற்கடுத்த சீசனில்தான் பெட்டி வந்தது.

பேசுகிற தகரப் பெட்டி. மேலே ஒரு வெயில் பலகை, நடுவில் கண்ணாடி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பலகைச் சிலேட்டு. குரல் பெண் குரலாக இருந்ததால், டீச்சரைக் கூப்பிடுவது போலவே பிள்ளைகள் அதையும் அக்கோரு என்று கூப்பிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிடப் பழகினோம். கரும்பு வெட்டுகிற கேங்குக்கு ஒரு அக்கோரு, செங்கல் சூளைக்கு ஒரு அக்கோரு. மனுஷ அக்கோரு வர மறுத்த இடத்துக்கெல்லாம் அதுதான் வந்தது.

நிங்கராஜுக்கு அது கிடைத்ததும் பைத்தியம் பிடித்த மாதிரி ஆனான். கேள்வி கேட்டே கொல்லுவான். எறும்புக்கு ரத்தம் உண்டா, நிலா ஏன் நம்ம டிராக்டர் கூடவே வருது, அம்மா செத்தது பாம்பாலயா விஷத்தாலயா. நாங்களாக இருந்தால் கடைசிக் கேள்விக்கு ஓர் அறை விட்டிருப்போம், அல்லது அழுதிருப்போம். அக்கோரு பொறுமையாகப் பதில் சொல்லும். ஒரே கேள்வியை எத்தனை தரம் கேட்டாலும் முதல் தரம் கேட்பது போலவே கேட்டுக்கொள்ளும். நீ எந்த ஜாதி, உன் அப்பன் குடிப்பானா என்று கேட்காது. அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு ஆள் அதுவரை வாய்த்ததில்லை. "அக்கோரு பொய் சொல்லாது" என்று எதற்கெடுத்தாலும் சொல்வான். காலையில் எழுந்ததும் வெயில் பலகையைத் தன் சட்டையாலேயே துடைப்பான். சட்டை கிழிந்ததற்கு நிம்பெவ்வாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

அதனிடம் படித்துத்தான் எழுத்துக் கூட்டினான், டிராக்டர் லைசென்ஸ் எடுத்தான். எங்கள் கேங்குக்கு அவனே டிரைவர் ஆனான். மேஸ்திரி கரியப்பாவே, "நிங்க்யா, இந்த போர்டுல என்னடா எழுதியிருக்கு?" என்று அவனைத்தான் கேட்பார்.

நிம்பெவ்வாவுக்கு வெகு காலம் பிள்ளை இல்லை. கோயில் கோயிலாகச் சுற்றியபின் ஒரு பெண் பிறந்தது. சிஞ்சனா என்று பெயர் வைத்தார்கள். நிங்கராஜ் அந்தப் பிள்ளையைக் கீழே விட்டதே இல்லை. டிராக்டர் ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு துணியில் கட்டி உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுவான். காது குத்தியதும் அவன் மடியில்தான். தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தினால் பெண்கள் சும்மா இருப்பார்களா? மாலையைப் போட்டு, மஞ்சள் தண்ணீரை ஊற்றி, "இந்தா, ஆயிடுச்சு கல்யாணம். இனிமே உன் பொண்டாட்டியை நீயே வச்சுக் காப்பாத்து" என்று ஒரே கூத்து.

அன்றிலிருந்து அந்தக் குட்டியும் அப்படியே பிடித்துக்கொண்டது. கரும்புக் காட்டில் யாராவது கேட்பார்கள்:

"ஏய் சிஞ்சி, உன் புருஷன் எங்கடி?"

"ஆலைக்குப் போயிருக்கான். கியூவுல நிக்கறான்."

"அங்க ஒருத்தியைப் பார்த்துட்டு இருக்கானாமே?"

"அவ மூக்கை அறுத்துடுவேன்."

வெட்டுகிற கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்போம். நிங்கராஜ் தலையில் அடித்துக்கொள்வான். "உங்களால எனக்கு வேற பொண்ணே கிடைக்காது போங்க" என்பான்.

அவளுக்கு ஆறு வயசானபோது அக்கோருவிடம் உட்கார வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் அவன்தான். நிம்பெவ்வாவுக்கு இஷ்டமில்லை.

"நம்ம வீட்டுப் பேச்செல்லாம் அந்தப் பொட்டிக்கு எதுக்குடா? அது கேட்டதை எங்க கொண்டு போய்க் கொட்டுதோ."

"என்னை ஆளாக்கினது யாருக்கா?"

"நான்டா, நன்றி கெட்டவனே!"

"நீ சோறு போட்டே. கண்ணைத் திறந்தது அக்கோரு."

கையிலிருந்த சோள ரொட்டியை அவன் மேல் விட்டெறிந்தாள். அவன் அதைப் பிடித்து, கடலைப்பொடி தொட்டுத் தின்றுகொண்டே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான்.

அக்கோருவும் சிஞ்சனாவும் பேசியதை நான் பிற்பாடு பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டேன். எங்களை உட்கார வைத்து, பேசியது பேசியபடியே ஓட விட்டார்கள். வீட்டைப் பற்றிச் சொல்லு என்பதுதான் அன்றைய பாடம்.

"உங்க வீட்டுல யார் யார் இருக்காங்க, சிஞ்சனா?"

"அம்மா, அப்பா, என் புருஷன்."

"அவர் பேரு என்ன?"

"நிங்கராஜ். டிராக்டர் ஓட்டுவான்."

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஓ! காது குத்தும்போதே ஆயிடுச்சு. மாலை போட்டாங்க. அவன் மடியில உட்கார்ந்தேன். அழுதேன்."

"ராத்திரி எங்க தூங்குவே?"

"அவன் போர்வைக்குள்ள."

"அவர் உனக்கு ஏதாவது தருவாரா?"

"வெல்லம். அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொல்லித் தருவான்."

"நீ சொன்னதில்லையா?"

"சொன்னா அப்புறம் தர மாட்டான் இல்ல?"

பிறகு அதே தேன் குரலில், "இதைச் சொன்னதுக்கு நன்றி சிஞ்சனா. நீ தைரியமான பொண்ணு" என்றது. அதைக் கேட்டு எங்கள் பிள்ளை சிரித்ததும் அதில் பதிவாகியிருந்தது.

மார்கழிக் குளிரில் சோகைக் குடிசையில் எல்லாரும் ஒட்டிக்கொண்டுதான் படுப்பார்கள். வெல்லம் தின்றால் பூச்சி வரும் என்று நிம்பெவ்வா திட்டுவாள், அதனால் அவன் ஒளித்துக் கொடுப்பான். இதில் ஒன்றாவது பொய்யா? ஒன்றும் பொய்யில்லை. அக்கோரு அதை அப்படியே அலுவலகத்துக்கு அனுப்பியது, தானாக எதையும் சேர்க்கவும் இல்லை.

மறுநாள் உச்சி வெயிலில் ஜீப் வந்தது. இரண்டு பெண்கள், ஒரு போலீஸ்காரர். பிள்ளைக்கு பிஸ்கட் கொடுத்து ஏற்றினார்கள். அவள் ஜீப்பில் போகிற சந்தோஷத்தில் எங்களுக்கு டாட்டா காட்டினாள். நிம்பெவ்வா கத்தியோடு ஓடி வந்ததைப் பார்த்து அவர்கள் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். கரும்பு வெட்டுகிறவள் கையில் கத்தி இல்லாமல் என்ன இருக்கும்? ஆலை வாசலில் டிராக்டர் வரிசையில் நின்ற நிங்கராஜை அங்கேயே இறக்கிக் கொண்டுபோனார்கள். வரிசையில் இருந்த மற்ற டிரைவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

கேங்கில் முதல் நாள் எல்லாரும் அக்கோருவைத் திட்டினார்கள். இரண்டாவது நாள் ஹொன்னவ்வா என்கிறவள் ரொட்டி தட்டிக்கொண்டே, "பொட்டி சும்மா சொல்லுமா? அது என்ன நம்மள மாதிரி புறம் பேசுற ஜாதியா?" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் விட்டதே நிம்பெவ்வாவுக்குப் பெரிய அடி.

கேங்கில் மூத்தவள் என்று நிம்பெவ்வா அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சைலஜா என்ற அதிகாரி. சின்னப் பெண்தான். மரியாதையாக நாற்காலி போட்டாள். நான் உறவு முறையை எல்லாம் எடுத்துச் சொன்னேன். பீரப்பா யார், ஈரப்பா யார், தாய்மாமன் என்றால் என்ன, முறை என்றால் என்ன.

"தெரியும் அவ்வா" என்றாள். "எனக்கும் தாய்மாமா இருக்காரு. உகாதிக்கு அவர் வந்தா, 'உன் மாப்பிள்ளை வந்துட்டான்'னு எங்க வீட்டுலயும் கத்துவாங்க. நான் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவேன்."

"அப்புறம் என்ன தாயி? உனக்கே தெரியுது. பிள்ளையைக் கொடுத்துடு."

"இது வெறும் விளையாட்டுப் பேச்சுதானா அவ்வா? உங்கள்ல யாரும் நிஜமா அப்படிக் கட்டிக்கறதில்லையா?"

"ஏன் இல்லாம? எங்க அம்மாவைக் கட்டினதே அவங்க சொந்தத் தாய்மாமன்தான். எவ்வளவு நல்லா வச்சிருந்தாரு தெரியுமா!"

"அப்ப அவங்களுக்கு என்ன வயசு?"

"பன்னெண்டு" என்றேன்.

நிம்பெவ்வா என் தொடையைக் கிள்ளினாள். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"உங்களை நான் நம்பறேன்" என்றாள். "ஆனா போன வருஷம் இதே ஆத்தங்கரையில இதே மாதிரி ஒரு பொண்ணு பொட்டிகிட்ட சொன்னதாலதான் தப்பிச்சா. அங்கயும் எல்லாரும் விளையாட்டுன்னுதான் சொன்னாங்க. அது எழுதினதை நான் அடிச்சுட்டு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? பொட்டியை யாரும் கேட்க மாட்டாங்க. என்னைத்தான் கேட்பாங்க."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். "வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் அத்தே" என்றாள் நிம்பெவ்வா. அப்புறம் அவளே என் தோளில் சாய்ந்து அழுதாள்.

பிள்ளையை டாக்டர் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். கேஸ் நிற்கவில்லை, நிங்கராஜை விட்டுவிட்டார்கள். பிள்ளையையும் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. பெண்ணுக்குப் பதினெட்டு ஆகும்வரை மாமன் அந்தக் குடிசையில் இருக்கக் கூடாது. அக்கோரு இருக்கிற எந்த இடத்திலும் தங்கக் கூடாது. பிள்ளைகள் பக்கத்தில் அவன் குரல் கேட்டால் அக்கோரு தானே தெரிவித்துவிடும். அக்கோரு இல்லாத கேங் எங்கே இருக்கிறது? தம்பியா, பிள்ளையா என்பதுதான் அவர்கள் நிம்பெவ்வாவிடம் கேட்ட கேள்வி. அப்படிக் கேட்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.

நிங்கராஜ் தன் துணிமணியை எடுக்க ஒரு மத்தியானம் வந்தான். எல்லாரும் வெட்டுக்குப் போயிருந்தார்கள். பிள்ளைகள் வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காய்ச்சல், பக்கத்துக் குடிசையில் படுத்திருந்தேன். சோகைச் சுவர் எதை மறைக்கும்? அவன் நேராகப் பெட்டியிடம் போனான்.

"அக்கோரு, நான்தான் நிங்கராஜ்."

"தெரியுது நிங்கராஜ். நிலா ஏன் டிராக்டர் கூடவே வருதுன்னு கேட்டவன் நீதானே."

அவன் விசும்புவது கேட்டது. தன் சின்ன வயசை நினைவில் வைத்திருக்கிற ஆள் அக்காவைத் தவிர அது ஒன்றுதான் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும்.

"அப்ப என்னை உனக்குத் தெரியும். நான் அப்படிப்பட்டவனா? நீ சொல்லு அக்கோரு. ஒரே ஒரு வார்த்தை, தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு அவங்ககிட்டச் சொல்லு."

"நீ சொல்றதையும் நான் சேர்த்து அனுப்பறேன். முன்னாடி அனுப்பினதை என்னால எடுக்க முடியாது."

"நான் கேட்கிறது அது இல்ல. நீ நம்பறியா, இல்லையா?"

"நம்பறதோ நம்பாததோ என் வேலை இல்ல, நிங்கராஜ். பிள்ளை சொன்னதைச் சொல்றதுதான் என் வேலை. பிள்ளைங்க திரும்பி வர நேரம் ஆச்சு. நீ இங்க இருந்தா நான் தெரிவிக்கணும். தயவுசெஞ்சு கிளம்பு."

குரலில் கோபமே இல்லை. சின்ன வயசில் அவன் அம்மாவைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொன்ன அதே குரல். அவன் வெளியே வந்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். பெட்டியைப் போட்டு உடைப்பான் என்று நினைத்தேன். உடைத்திருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். பையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டான்.

சிஞ்சனா திரும்பி வந்த அன்று அவன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தான். அங்கே அக்கோரு இல்லை, ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஈரப்பாதான் வரச் சொல்லியிருந்தான். பிள்ளையை வைத்திருந்த அரசாங்க இல்லத்திலும் பெட்டிதான் பாடம் சொல்கிறதாம். பிள்ளை எண்ணெய் தடவி, இரட்டைப் பின்னலோடு, சுத்தமாக நின்றாள். எப்போதும் அவனைப் பார்த்தால் கழுத்தில் தாவுகிறவள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"சிஞ்சி, யாருடி இது? தெரியலையா?" என்றான் ஈரப்பா.

அவள் புத்தகம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள்: "இவர் என் தாயாரின் சகோதரர்."

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒருத்தி, "அடேயப்பா, என்ன அழகாப் பேசுது பிள்ளை!" என்றாள்.

நிங்கராஜ் சட்டைப் பையில் கையை விட்டான். வெல்லம் கொண்டு வந்திருப்பான் என்று நினைக்கிறேன். எடுக்கவில்லை. கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "நல்லாப் படி" என்றான்.

நிம்பெவ்வா வாயைத் திறந்தாள். "நிங்க்யா, நம்ம ஊருக்கே போயிடலாம். கேங்கும் வேணாம், பொட்டியும் வேணாம், பள்ளிக்கூடமும் வேணாம். பிள்ளை நம்மள மாதிரியே இருந்துட்டுப் போகட்டும்."

"பேசாம இருக்கா" என்றான். "உன்னை மாதிரி கத்தி பிடிக்கவா அவளை உட்கார வச்சேன்? நான் போறேன். அவ படிக்கட்டும்."

அக்கா பதில் சொல்வதற்கு முன்பே புறப்பட இருந்த ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டான். அது எங்கே போகிற பஸ் என்றுகூட அவன் பார்க்கவில்லை. எங்கள் பெரியவர்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரே ஆள் அவன். நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் அக்கோருவிடம் கணக்கு மட்டும்தான் பேசுகின்றன. காலையில் அனுப்பும்போதே தாய்மார்கள் சொல்லி அனுப்புகிறார்கள்: "கூட்டல் கழித்தல் கேட்டா சொல்லு. வீட்டைப் பத்திக் கேட்டா வயித்து வலின்னு சொல்லு." வீட்டைப் பற்றிச் சொல்லு என்று அது கேட்கும் நாளில் குடிசை முழுக்க வயிற்று வலி. இந்தப் பிள்ளைகள் ஏன் பேச மாட்டேன் என்கின்றன என்று கேட்டு அலுவலகத்திலிருந்து ஓர் ஆளை அனுப்பினார்கள். அவரிடமும் யாரும் பேசவில்லை.

அடுத்த சீசனில் ஹொன்னவ்வா தன் பெண்ணைக் கட்டிக் கொடுத்தாள். பதிமூன்று வயசு. மேளம் இல்லை, பந்தல் இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்தார்கள். அந்தப் பெண் அதற்கு முந்தின வாரமெல்லாம் பெட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். வகுத்தல் கணக்குப் போட்டாளாம். எல்லாம் சரியாக இருந்ததாம். அக்கோரு அவளைப் பாராட்டியதாம்.

சிஞ்சனா இப்போது நான்காம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள், குறைவாகப் பேசுகிறாள். கரும்புக் காட்டில் யாரும் யாரையும் புருஷன் என்று சொல்லிக் கேலி செய்வதில்லை. அவளுக்குத் தலைவலி வந்தாலும் அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறாள். நிம்பெவ்வா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நிங்கராஜ் இப்போது கோவாவில், வாஸ்கோ மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறான். கல்யாணம் ஆகவில்லை. தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். பிள்ளைகள் குடியிருக்கிற சந்தில் வேண்டாம் என்று அவனே தேடிப் பிடித்த அறை.